முகம் வராத இணைச்சீர்

கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, என்னைக் கண்டால் நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எந்த ஸ்டைலில் எடுத்தால் நல்லது என்பீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கைபேசியில் பத்துப் படங்களைக் காட்டி இந்த மாதிரி வேண்டும் என்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தால் போதும் என்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது என்பீர்கள். நானும் இத்தனை நாள் லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாயிற்று. இனி யாரிடம் பெயரைக் காப்பாற்ற வேண்டும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் தப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுக்கரையில் ஒரு வரவேற்பு. இரண்டு மணி நேரம் பளிச் பளிச்சென்று பிளாஷ் அடித்துத் தள்ளுகிறேன். கேமராவில் படத்தின் எண்ணைப் பார்த்தால் நாற்பதைக் காட்டுகிறது. முப்பத்தாறு படம்தான் ஒரு ரோலில். அப்புறம்தான் புரிந்தது, பிலிம் பல்லில் மாட்டவே இல்லை, கேமரா சும்மா சுற்றியிருக்கிறது. நேராக மேடைக்குப் போய் மாப்பிள்ளை காதில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். பெண் வீட்டார் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். மறுநாள் காலையில் அத்தனை பேரும் மறுபடி பட்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அதைப் பல டீக்கடைகளில் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். கேமரா செய்த தப்புக்கு நான் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

இப்போது சொல்லப்போவதை எந்த டீக்கடையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

கோயமுத்தூர் கணபதியில் கடை போட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் இங்கே கல்யாணப் படம் என்றால் ஒரே மாதிரிதான். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, ஒவ்வொரு குடும்பமாக ஏறி வந்து இரண்டு பக்கமும் நின்று, விறைப்பாக நேரே பார்த்து, ஒரு பிளாஷ். எனக்கு அது சலித்துப்போனது. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கி வந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில், பின்னணியை மங்கலாக்கி, ஒரு கை, ஒரு கண், குனிந்த ஒரு கழுத்து என்று கிட்டத்தில் போய் எடுக்க ஆரம்பித்தேன். கோயமுத்தூரில் அப்போது என்னைப் போல எடுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். தலையில் கொஞ்சம் கனம் ஏறித்தான் இருந்தது.

கடை மேசையில் இரண்டு மாதிரி ஆல்பம் வைத்திருப்பேன். ஒன்று பழைய வரிசைப் படம். இன்னொன்று என்னுடைய ஸ்டைல். வருகிறவர்களுக்கு முதலில் வரிசைப் படத்தைக் காட்டிவிட்டு, அவர்கள் கொட்டாவி விடும் நேரம் பார்த்து இரண்டாவதைத் திறப்பேன். மறுபேச்சு பேசாமல் அதையே கேட்பார்கள்.

அப்படித்தான் ஒருநாள் சிவகுமாரும் அவர் அக்கா ருக்குமணியும் வந்தார்கள். சிவகுமார் பம்புசெட்டு கம்பெனியில் சூப்பர்வைசர். அக்காவும் அதே பக்கத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறவர். இவர்கள் சின்ன வயதாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அக்கா செம்புக் கம்பி சுற்றித்தான் தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைத்திருக்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் முகத்திலேயே இருந்தது. வாயைச் சுற்றியும் இடது கண்ணுக்குக் கீழேயும் தோல் வெளுத்திருந்தது. இடது கை விரல்களிலும் அப்படியே. வெள்ளை விழுந்திருக்கிறது என்பார்களே, அது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லாத, யாருக்கும் ஒட்டாத சங்கதி. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

அக்கா என் ஆல்பத்தை மரியாதைக்குப் புரட்டிவிட்டு, பழைய வரிசைப் படத்தையே மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதுல அல்லாரு மொகமும் தெரியுதுங்க தம்பி. அதுல ஆரு ஆருன்னே தெரியலீங்களே.”

“அக்கா, இது இப்பத்த ஸ்டைலுங்க. பத்து வருசம் கழிச்சுப் பாத்தாலும் புதுசா இருக்கும்.”

“என்னமோ, உங்களுக்குத் தெரியாததுங்களா.”

சிவகுமாருக்கு என் படங்கள் பிடித்துவிட்டன. போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார்.

“மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க. இணைச்சீர் மட்டும் நல்லா வரோணும். அதுக்கோசரந்தான் போட்டாவே.”

வெளியூரிலிருந்து தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவனோடு பிறந்தவளை வைத்து இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. அக்காளோ தங்கையோ, மணப்பெண்ணுக்குச் சமமாக அலங்கரித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். மடித்த சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். நாளைக்கு ஒரு மனைவி வந்தாலும் உடன்பிறந்தவளின் உரிமை போகாது என்று உறவுக்கெல்லாம் தெரியச் செய்வது அது. சொந்தக் கல்யாணம் என்று ஒன்று நடக்காத ருக்குமணி அக்காவுக்கு, மாலையும் பூவுமாக நாலு பேர் முன்னால் நிற்க வாழ்க்கையில் இருந்த இடம் அந்த ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பெண்ணுக்கு ஊர் கொடுமுடி. கல்யாணமும் அங்கே ஆற்றுக்குப் பக்கத்து மண்டபத்தில். விடிந்து வெயில் இன்னும் ஏறாத நேரம், கிழக்குச் சன்னல் வழியாக அருமையான வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. எங்கே நின்று எடுப்பது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியத்துல அவ எதுக்குக் கண்ணு? பங்காளி ஊட்டுப் புள்ள வளர்மதி இருக்கறா. அவளும் தங்கச்சி மொறதான? பொண்ணூட்டுக்காரங்க அல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க.”

சிவகுமார் கத்தவில்லை. தலையில் கட்டிய உருமாலையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

“எங்கக்கா நிக்கலீன்னா நானும் நிக்கலீங்க பெரீம்மா. இப்பவே பஸ் ஏறிப் போயிர்றேன்.”

சீர்களை முன்னின்று நடத்தும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் வெளியே மனையைத் தயார் செய்தபடியே குரல் கொடுத்தார்.

“கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்குங்க? அம்மணியக் கூட்டியாங்க, நேரமாவுது.”

அதோடு பேச்சு முடிந்தது. ருக்குமணி அக்கா வந்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் மாலை. உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனியாமல் வந்து தம்பி பக்கத்தில் நின்றார். சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நேராக என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிய, கண்ணோரம் சுருங்க, முழு முகமும் சேர்ந்த சிரிப்பு. அத்தனை வருடம் கழித்து ஜெயித்தவரின் சிரிப்பு.

அந்த நொடியில் என் விரல் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை.

கேமராவுக்குள் எனக்குத் தெரிந்தது அந்த வெளுப்பு மட்டும்தான். சன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்து இன்னும் எடுப்பாகக் காட்டியது. ஐயோ பாவம், ஆல்பத்தில் காலத்துக்கும் இது தெரியுமே என்று நினைத்தேன். என் படத்துக்கும் பொருந்தவில்லையே என்றும் நினைத்தேன். இரண்டில் எதை முதலில் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குச் சாதகமாக வருவதில்லை.

“அக்கா, கொஞ்சம் தம்பியப் பாத்தாப்புல திரும்பிக்குங்க” என்றேன்.

திரும்பினார்.

“இன்னுங் கொஞ்சங்க்கா. ஆ, அப்படித்தான். அந்த எடது கைய மட்டும் முந்தானைக்குள்ளார வெச்சுக்குங்க.”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் கேமரா வழியாகப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொன்னபடி கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, நான் சொன்னதற்கும் மேலாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவகுமார் அருமைக்காரர் சொல்வதைக் கவனித்துக்கொண்டிருந்தார், அவருக்கு இது அப்போது தெரியாது. நான் மளமளவென்று எடுத்தேன். தம்பியின் முகம், மாலையின் ஓரம், காதோரப் பூச்சரம், சேலை முனையை இறுக்கிப் பிடித்த வலது கை. அந்தக் கை அவ்வளவு அழகாக விழுந்தது.

இதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பெரியம்மாகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்குப் பழியில் பாதியை அவர் தலையில் கட்டியிருப்பேன்.

ஆல்பத்தைக் கொடுத்த நாலாம் நாள் சிவகுமார் தனியாக வந்தார். ஆல்பத்தை மேசையில் வைத்து இணைச்சீர்ப் பக்கத்தைத் திறந்தார்.

“நெம்ப நல்லாருக்குதுங்க. எங்கக்கா மொகம் எங்கீங்க?”

“அது ஒரு ஸ்டைலுங்க. சீரோட உணர்ச்சி அந்தக் கையிலயே வந்துருதுங்க...”

“எங்கக்கா மொகம் எங்கீங்க?”

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன். அவரே தொடர்ந்தார்.

“இதுல வேண்டாம். நெகட்டிவ்ல இருக்குமில்லீங்க? கோணையா இருந்தாலுஞ் செரி, மங்கலா இருந்தாலுஞ் செரி. ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

நெகட்டிவ் உறைகளைப் பிரித்து விளக்குப் பெட்டிமேல் பரப்பினேன். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இணைச்சீரில் மட்டும் பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் கழுத்து, காது, கூந்தல், கை. ஒன்றிலாவது அக்கா சட்டென்று திரும்பியிருக்கலாம். ஒன்றிலாவது என் கை ஆடியிருக்கலாம். இல்லை. அன்றைக்குப் பார்த்து நான் ஒரு தப்பும் செய்யாமல் எடுத்திருக்கிறேன். மேடையில் எடுத்த குடும்பப் படத்தில் தேடினோம். கடைசி வரிசையில், ஒரு சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் அக்காவின் பூ மட்டும் தெரிந்தது. காலையில் நான் சொன்ன இரண்டு வார்த்தைக்கு அப்புறம் அக்கா அன்று முழுக்கக் கேமராவைக் கண்டால் ஒதுங்கியிருக்கிறார். அதையும் நான் கவனித்திருக்கவில்லை.

“அக்காவுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னுதாங்க...” என்று இழுத்தேன்.

“சங்கடமுன்னு அக்கா உங்களுகிட்டச் சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“அத்தன பேர்த்தோட மல்லுக்கட்டி எங்கக்காவக் கொண்டாந்து நிறுத்துனனுங்க. நீங்க ஒத்த வார்த்தைல திருப்பிப்போட்டீங்களே.”

குரலை உயர்த்தாமல், ‘ங்க’ போட்டுத்தான் இதையும் சொன்னார். மதுக்கரைக்காரர்கள் திட்டிய திட்டில் பாதியாவது இவர் திட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், தொழிலில் பெயர் கெடும் என்று நினைத்தேன். கணபதியிலிருந்து அவர்கள் வீடு நடக்கிற தூரம்தான். ஒருநாளும் போகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, ஏதோ புத்தியில்லாத வயது என்று தேற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த வலது கைப் படம் இருக்கிறதே, அதைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டியிருந்தேன். ஆல்பம் கொடுப்பதற்கு முன்னாலேயே மாட்டியாயிற்று. செம்புக் கம்பி கீறிய சின்னச் சின்னத் தழும்புகளோடு, பட்டு முனையை இறுக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் கை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தக் கைப் படம் மாதிரி எங்களுக்கும் வேண்டும் என்று திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆள் வந்தது. சிவகுமார் வந்துபோன அன்று அதைக் கழற்றிவிட வேண்டும் என்று எழுந்தேன். முகூர்த்த மாதம் வருகிறது, முடிந்ததும் கழற்றலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடம் அது அங்கேயே தொங்கியது. அந்த மூன்று வருடமும் நான் நல்ல சோறு சாப்பிட்டது அந்தக் கையால்தான். எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத வெட்கம் இதில்தான் இருக்கிறது.

ஒரு புதன்கிழமை காலை. கடையில் யாரும் இல்லை. வாசலில் ஒரு அம்மா நின்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உள்ளே வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ருக்குமணி அக்கா. வெளுப்பு நெற்றி வரைக்கும் ஏறியிருந்தது.

“வாங்கக்கா” என்றேன்.

“நல்லாருக்கறீங்களா தம்பி? அது என்ற கைதானுங்க?”

“ஆமாங்க்கா.”

“அப்பவே நெனச்சேன். இந்தப் பக்கம் பஸ்சுல போறப்பெல்லாம் பாப்பனுங்க.” வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெளுத்துவிட்டிருந்தது. “அப்ப இதுல வரலீங்க. இப்ப இதுலயும் வந்துருச்சுங்க.”

அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நமக்குத் தெரிந்தவரிடம் ஒரு செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

“என்னங்க்கா வேணும்?”

“கம்பெனில அடையாள அட்டை குடுக்கறாங்க. பாஸ்போர்ட் சைசு போட்டா மூணு வேணுமுங்க.”

உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். நீலத் திரைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். விளக்குகளைப் போட்டேன். முந்தானையைச் சரி செய்துகொண்டார். பிறகு, என்னிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டார்.

“நேராப் பாக்கட்டுங்களா தம்பி, இல்ல திரும்பிக்கட்டுங்களா?”

தம்பிகளே, தங்கைகளே, எந்த ஸ்டைல் நல்லது என்று என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேள்வி ஒன்றுதான். எதிரே நிற்பவர் எப்படி நின்றாரோ, அதைப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் ஸ்டைலை யோசியுங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

“நேராப் பாருங்கக்கா” என்றேன். அன்றைக்குக் கொடுமுடியில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை அப்போதும் வரவில்லை. அவர் நேராகப் பார்த்தார். சிரிப்பாரா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

“எடுங்க தம்பி, வேலைக்கு நேரமாவுது” என்றார்.

எடுத்தேன். அவர் போன பிறகு கண்ணாடிக்குள்ளிருந்த படத்தைக் கழற்றினேன். மூன்று வருட வெயிலில் அதைச் சுற்றியிருந்த துணி வெளுத்துப்போய், படம் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் மாட்ட அவர் முகம் ஒன்று என்னிடம் இருந்தது, மாட்டவில்லை. மூன்று பிரதி போட்ட அந்த நெகட்டிவ் இன்னும் வீட்டில் இருக்கிறது. நேராகத்தான் பார்க்கிறார். சிரிக்கவில்லை.